மாரப்பனைத் தைத்த துணி

நாற்றம் எங்கள் ஊருக்குள் வந்தது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, நாகரத்தினம் கடைசித் தையலைப் போட்டு, முடிச்சிட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்த அந்த நொடியில். அடுத்த தெருவில் ஆட்டுக்கறி வாங்க வரிசையில் நின்றவர்கள் கறிக்கடைக்காரரை முறைத்தார்கள், கறிக்கடைக்காரர் சாக்கடையை முறைத்தார், சாக்கடை எப்போதும்போல ஒன்றும் அறியாத கறுப்பில் கிடந்தது.

நாகரத்தினத்துக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சென்னியப்பனின் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களைக் குழல்விளக்குக்கு அடியில் விரித்து ஓட்டை, கறை, கோணல் பார்ப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கட்டிங் மேசைக்குக் கீழே விழுந்து கிடக்கும் வெட்டுத் துண்டுகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போவாள், யாரும் தடுப்பதில்லை. அந்தத் துண்டுகளை ஒரு பெரிய காடாத் துணியில் ஒட்டவைத்துத் தைத்து அவள் படம் செய்வாள்: தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடும் பெண்கள், கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே தூங்குகிற பெண், எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு சாராருக்கு மட்டும் காகிதக் கப்பில் டீ கொடுக்கிற கை. வருஷத்துக்கு ஒரு தடவை நூலகத்து ஹாலில் கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிடுவாள். நாங்கள் போய்ப் பார்ப்போம். அந்தக் கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் தையல் நேர்த்தியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருவோம். தண்ணி லாரியைத் தைத்தபோது துணி நனைந்ததில்லை. டீயைத் தைத்தபோது ஆவி பறந்ததில்லை. அதுவரை எல்லாத் துணியும் துணியாகவே இருந்தது.

இந்தத் துணியில் அவள் தைத்தது மாரப்பனை.

மாரப்பன் கம்பெனியில் எடுபிடி வேலை செய்தவன், காலனிக்காரன். அவன் மனைவி பூவாத்தாள் அங்கேயே பிசிர் வெட்டும் பிரிவில் இருந்தாள். சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை சாயத் தண்ணியும் கக்கூஸ் தண்ணியும் சேருகிற கழிவுத் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்கும் மெஷின் வண்டி மறுநாள்தான் வரும் என்றார்கள். சென்னியப்பன் வெள்ளைச் சட்டையோடு தொட்டி விளிம்பில் வந்து நின்று, மாரப்பனையும் அவனோடு வேலை செய்த ஒடிசாக்காரனையும் கூப்பிட்டு, உள்ளே இறங்கச் சொன்னார்.

"மூஞ்சிக்கு மாட்டற மூடி ஏதாச்சு வேணுமுங்க, மொதலாளி," என்றான் மாரப்பன்.

"பத்து நிமிச வேலைக்கு மூடியாடா உனக்கு? எறங்கு, எறங்கு."

அவன் இறங்கினான். இரும்பு ஏணியின் ஏழாவது படியில் கை நழுவியது. அவனைத் தூக்க ஒடிசாக்காரன் இறங்கினான். அவனும் வரவில்லை. மேல்மாடி ஜன்னல்களில் நாங்கள் இருநூறு பேர் நின்று பார்த்தோம். கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் சுவருக்கு மேலாகப் பார்த்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோது நாங்கள் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. இரண்டு பேரும் குடித்துவிட்டுத் தாங்களாகவே போய் விழுந்தார்கள் என்று எழுதப்பட்டது. மாரப்பன் வாழ்நாளில் டீயைத் தவிர ஒன்றையும் குடித்தவனில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்த வாயால் ஆமாம் என்றோம்.

நாகரத்தினம் மூன்று மாதம் தைத்தாள். கருநீலம், பழுப்பு, பாசிப்பச்சை என்று நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தொட்டியைத் தைத்தாள். மாரப்பனின் கட்டம்போட்ட லுங்கியைப் பூவாத்தாளே கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கிழித்து அவன் இடுப்பில் வைத்துத் தைத்தாள். மேலே நீண்ட நான்கு கைகள், விளிம்பில் வெள்ளைச் சட்டை, கீழே பார்த்து நீட்டிய ஒரு விரல். நூலைக் கடித்துத் துண்டித்ததும் துணி நாற ஆரம்பித்தது.

அது எப்படிப்பட்ட நாற்றம் என்று கேட்பவர்களுக்கு இன்றும் எங்களால் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை. அழுகிய முட்டையும் ஊறிப்போன மலமும் சுண்ணாம்பும் சாயமும் கலந்த நாற்றம் என்று ஆரம்பிப்போம், ஆனால் அதற்குள்ளே இன்னொன்று இருந்தது, உயிரோடு இருந்த ஒரு மனிதனின் வேர்வை, அவன் மதியம் தின்றிருந்த புளிச்சோறு. அதைச் சொல்லும்போது பேச்சை மாற்றிவிடுவோம்.

முதல் வாரம் செத்த எலியைத் தேடினோம். பரண்களைக் காலி செய்தோம், ஓடுகளைப் பிரித்தோம், எலிகள் எல்லாம் உயிரோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாம் வாரம் நகராட்சி வண்டி தெருத்தெருவாக பிளீச்சிங் பவுடர் தூவிப் போனது. ஊர் கல்யாண வீடு மாதிரி வெள்ளையாயிற்று, நாற்றம் அந்த வெள்ளையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் வாரம் மாரியம்மனுக்கு நூற்றெட்டுக் குடம் மஞ்சள் நீர் ஊற்றினோம். அபிஷேகத்தின் நடுவிலேயே பூசாரி வெளியே ஓடி வாந்தி எடுத்தார். நான்காம் வாரம் ஒரு நாய் மோந்துகொண்டே போய் நாகரத்தினத்தின் வாசலில் படுத்து ஊளையிட, நாங்கள் நாயின் பின்னாலேயே போய்ச் சுவரில் தொங்கிய துணியைக் கண்டோம். அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. தொட்டி இருந்தால் நாறத்தானே செய்யும் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

"ஏனுங்க நாகரத்தினம், இதைய மொதல்ல எறக்கிப் போட்டு எரிங்க," என்றார் வார்டு கவுன்சிலர், மூக்கிலிருந்து கர்ச்சீப்பை எடுக்காமலே. "வாடைய எதுக்குங்க தெச்சீங்க?"

"நான் வாடையத் தெக்கலீங்க. ஆளைத்தான் தெச்சேன். மூணு தடவை சோப்பு போட்டுத் தொவைச்சேன், மூணு நாள் வெய்யல்ல காயப்போட்டேன். போகலீங்க."

"அப்ப எரிச்சிரலாமுங்க."

"பூவாத்தாளைக் கேட்டுட்டு எரிங்க. லுங்கி அவளுது."

பூவாத்தாளைக் கூட்டிவந்தார்கள். முப்பத்தோரு வயது, ஒல்லியான பெண், எங்கள் முன்னால் எப்போதும் சுவரோரமாகவே நடப்பவள். அன்றைக்கு வாசல் நடுவில் நின்றாள். அவள் மட்டும் மூக்கைப் பொத்தவில்லை.

"எரிச்சுக்குங்க. நான் வேண்டாங்கலை," என்றாள். "அவங்க ரெண்டு பேரையும் மொதலாளிதான் எறங்கச் சொன்னாருன்னு இங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாயத் தொறந்து சொல்லுங்க. அப்புறம் எரிச்சுக்குங்க."

வாசலில் நாற்பது பேர் நின்றோம். கவுன்சிலர் செல்போனை எடுத்துப் பார்த்தார். ஒரு அம்மாவுக்கு அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. வெய்யில் ஏறுகிறது என்று ஒருவர் சொல்ல, ஆமாம், நல்ல வெய்யில் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே கலைந்து போனோம். ஒரு வரியைச் சொல்வதைவிட நாற்றத்தோடு வாழ்வது சுலபம் என்று நாங்கள் முடிவெடுத்தது அந்த வாசலில்தான், யாரும் யாரோடும் கலந்து பேசாமலே.

அதன்பிறகு நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையைக் கேளுங்கள். மூக்குத் துவாரத்தில் விக்ஸ் தடவிக்கொண்டோம், வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டோம், வாசலில் ஊதுபத்திகளைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தினோம். கடைவீதியில் ஒரே மாதத்தில் ஏழு சென்ட் கடைகள் வந்தன. பிரியாணிக் கடையில் மசாலாவை இரண்டு மடங்காக்கினார்கள், டீயில் இஞ்சியை இடித்துக் கொட்டினார்கள், கல்யாணப் பத்திரிகையில் "மண்டபம் முழுவதும் நறுமண வசதி செய்யப்பட்டுள்ளது" என்று அச்சடித்தார்கள். புடவைக்கு ஜோடியாக மூக்குத்துணி தைத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாயாலேயே மூச்சு விட்டு விட்டு எங்கள் எல்லோருடைய குரலும் சளி பிடித்த குரலாக மாறியது. வெளியூர் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்டால் போதும், கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெயரைத் தானாகவே சொல்லிக் கிழித்துக் கொடுத்தார். குழந்தைகள் முதலில் அழுதார்கள், பிறகு அழுகையை நிறுத்தினார்கள், பிறகு சோற்றை அந்த நாற்றத்தோடேயே பிசைந்து தின்றுவிட்டு இன்னும் கேட்டார்கள்.

தீபாவளியன்று ஒரு வீட்டில் அல்வா கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தி, "இன்னிக்கு அந்த வாடை அடிக்குதா, இல்லியா?" என்று கேட்டார். வீட்டிலிருந்தவர்கள் மூக்கை விடைத்து மோந்து பார்த்தார்கள். யாருக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. துணி அதே சுவரில்தான் தொங்கியது. வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர் பஸ் நிலையத்தில் இறங்கியதுமே மயங்கி விழுந்தார். நாங்கள் அவருக்கு சோடா வாங்கிக் கொடுத்து, என்ன உடம்புக்கு என்று விசாரித்தோம். வாடை தெரியாமல் போனது அன்றைக்கு எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அல்வா நன்றாக வந்திருந்தது. இலையோடு நக்கித் தின்றோம்.

கார்த்திகையில் ஒரு மதிய நேரம், கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்தபோது பூவாத்தாள் தூக்குப்போசியைத் திறக்காமல் நாகரத்தினத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதிரே ஒரு பெண் முட்டைப்பொரியலைத் தின்றுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க எல்லாருக்கும் மூக்கு செத்துப்போச்சுக்கா," என்றாள் பூவாத்தாள். "மூக்கு இருக்கற ஊருக்கு அவரை அனுப்பிரலாமா?"

நாகரத்தினம் அவளையே பார்த்தாள். "துணியப் பிரிக்கோணும்டி. மூணு மாசத்து வேலை."

"பிரிச்சிரலாம். நானும் வாரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து துணியைத் தையல் தையலாகப் பிரித்தார்கள். கைகளைப் பிரிக்கும்போது மட்டும் பூவாத்தாள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாளாம். மறுநாளிலிருந்து செக்கிங் மேசைக்கு வந்த ஒவ்வொரு வெள்ளைப் பனியனிலும், கீழ் மடிப்புக்குள்ளே, பிரித்த துணியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நூலை நாகரத்தினம் இரண்டே தையலில் வைத்து மறைத்தாள். பனியன்கள் கடல் தாண்டி ஒரு பெரிய துணிக்கடைக்குப் போக வேண்டியவை. பக்கத்து மேசைப் பெண்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு, அந்தப் பழக்கம் முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்து, ஒன்றும் பேசாமல், கையை நீட்டி நூல் வாங்கிப் போனார்கள். பத்து நாளில் துணி காலியாயிற்று. பெட்டிகளை ஏற்றிய லோடுமேன்களுக்கு எந்த வாடையும் தெரியவில்லை.

தை பிறந்ததும் பெட்டிகள் திரும்பி வந்தன. அங்கே துறைமுகத்தில் முதல் பெட்டியைத் திறந்தவர்கள் நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம், கடைக்காரர்கள் எல்லா ஆர்டரையும் நிறுத்திவிட்டார்களாம். கம்பெனி முற்றத்தில் பெட்டிகள் மாடி உயரத்துக்கு அடுக்கப்பட்டன. சென்னியப்பன் பனியன்களை வெந்நீரில் துவைக்கச் சொன்னார், பன்னீரில் முக்கச் சொன்னார், துவைத்தவர்கள் முடிந்தது என்றார்கள், வெளியூரிலிருந்து வந்த கணக்குப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு இல்லை என்றார். மடிப்புக்குள் நூல் இருப்பதே எந்தக் கண்ணுக்கும் தெரியவில்லை. நாகரத்தினத்தின் தையல் அப்படி.

அப்போதுதான் சென்னியப்பன் கடல் தாண்டி ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். ஆபீஸில் டைப் அடிக்கும் யமுனா அதன் நகலை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் பூவாத்தாளுக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். தங்களுக்கு ஏற்பட்ட துர்நாற்றத்துக்காக மனமார வருந்துகிறோம். எங்கள் கிடங்கில் இரண்டு எலிகள் செத்துக் கிடந்ததே காரணம். அவை அப்புறப்படுத்தப்பட்டுவிட்டன.

"என்னது செத்துக் கெடந்துச்சு?"

"எலின்னு போட்டிருக்காங்கக்கா."

"எத்தனை?"

யமுனா இரண்டு விரலைக் காட்டினாள். பூவாத்தாள் எழுந்து மாடிப்படி இறங்கி, முற்றத்தைக் கடந்து, பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்த சென்னியப்பனின் முன்னால் போய் நின்றாள். நாங்கள் ஜன்னல்களுக்கு வந்தோம்.

"ஏம்புள்ள, சாப்படற நேரத்துல இங்கென்ன?" என்றார் அவர்.

"இந்தப் பெட்டில இருக்கறது எம் புருசனுங்க."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்புடுங்க, வந்து மோந்து பாக்கட்டும்," என்றாள் அவள். வேலையைவிட்டு நிறுத்துவேன் என்றார். அவள் இடுப்பில் சொருகியிருந்த பிசிர்க் கத்தரியை எடுத்து ஒரு பெட்டியின்மேல் வைத்தாள். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, "என்னதான் வேணும் உனக்கு?" என்று கேட்டார்.

"ஒரு வரி எழுதுங்க. நான்தான் எறங்கச் சொன்னேன்னு. தமிழ்ல எழுதுங்க, நான் படிக்கோணும். எழுதி முடிச்சா வாடை போயிரும்."

போகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. சென்னியப்பன் பெட்டிகளை அண்ணாந்து பார்த்தார். ஒரு வரிதானே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பூவாத்தாளின் பின்னாலேயே இறங்கி வந்திருந்த யமுனாவிடம் காகிதம் வாங்கி, பெட்டியின்மேல் வைத்து எழுதினார். சித்திரை மாதம் புதன்கிழமை மாரப்பன் என்பவரையும் இன்னொருவரையும் நான்தான் தொட்டிக்குள் இறங்கச் சொன்னேன்.

பூவாத்தாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இன்னொருவர்னு ஒருத்தர் இல்லீங்க. பேரு போடுங்க."

"அவன் பேரு எவனுக்குத் தெரியும்?"

அவள் நிமிர்ந்து ஜன்னல்களைப் பார்த்தாள். இரண்டு வருஷம் எங்களோடு வேலை செய்தவன், எங்கள் பெட்டிகளைச் சுமந்தவன், அவன் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏய், இந்தா, ஹிந்தி என்றுதான் கூப்பிட்டிருந்தோம், அவனுக்கு ஹிந்தியும் சரியாக வராது என்பதுகூடத் தெரியாமல். மூன்றாவது ஜன்னலிலிருந்து நாகரத்தினம் சொன்னாள். சவத்தை வாங்க வந்த அவன் தம்பியிடம் கேட்டு வைத்திருந்தாளாம்.

"சுகுரா மாஜி. எழுதுங்க. சு, கு, ரா."

அவர் எழுதினார். மாஜியின் கடைசி எழுத்துக்குக் கொக்கி போட்டதும் நாற்றம் போய்விட்டது. சுவிட்சை அணைத்த மாதிரி. இருப்பதே தெரியாமல் இருந்த ஒன்று இல்லாமல் போனதும், எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை சுற்றியது, ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டோம். அப்புறம் மற்ற வாசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எங்கள் டிபன் பாக்ஸ்களில் கெட்டுப்போன எண்ணெய், எங்கள் சென்ட்டுகளின் மட்டமான இனிப்பு, ஆறு மாதமாகச் சரியாகத் துவைக்காத எங்கள் துணிகள், எங்கள் வாய்கள்.

பூவாத்தாள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு நேராக வக்கீலிடம் போனாள். கேஸை மறுபடி எடுத்தார்கள். சென்னியப்பனைப் பதினோரு நாள் உள்ளே வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஜாமீனில் வந்தவருக்குப் பஸ் நிலையத்தில் மேளம் வைத்து ரோஜா மாலை போட்டதும் நாங்கள்தான். கம்பெனி மூடிக் கிடந்தால் எங்கள் பிழைப்பு என்னாவது என்றோம். மாலையைக் கழுத்தில் போடும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டவர்களும் இருந்தார்கள், ஆனால் போட்டார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. பூவாத்தாள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வருகிறாள்.

நாகரத்தினம் வேலையை விட்டு நின்றுவிட்டாள். ஏழு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்து தைத்தாள், யாரையும் உள்ளே விடவில்லை. ஐப்பசியில் நூலகத்து ஹாலில் புதுத் துணி தொங்குகிறது என்று கேள்விப்பட்டு நாங்கள் குடும்பம் குடும்பமாகப் போனோம்.

சுவர் அகலத்துக்கு ஒரே துணி. அதில் தொட்டி இல்லை, மாரப்பன் இல்லை. மாடி ஜன்னல்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொரு ஜன்னலிலும் முகங்கள், கீழே கையில் டீ டம்ளரோடு ஆண்கள், கர்ச்சீப்போடு கவுன்சிலர், ஓரத்தில் மாலையோடு ஒரு கூட்டம். எல்லா முகமும் எங்கள் முகம். ஒரு மூக்குத்தியைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. மூன்றாவது ஜன்னலில் அவளும் இருந்தாள், வாயை மூடிக்கொண்டு.

நாங்கள் பயந்துகொண்டே கிட்டே போனோம். மூச்சை இழுத்து மோந்து பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், யாரோ பெருமூச்சு விட, யாரோ சிரிக்க, அப்புறம் எல்லோருமே சிரித்தோம். "இதாருங்க, என்னையாட்டவே இருக்குது," என்றார் கவுன்சிலர். தங்கள் முகத்துக்குப் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பூவாத்தாள் கோர்ட்டிலிருந்து நேராக வந்தாள். வாசற்படியில் கால் வைத்தவள் நின்றாள். முந்தானையை எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டாள். எங்களுக்கு வழிவிடத் தோன்றி வழிவிட்டோம். துணிக்கு நான்கு அடி தூரம் வரைக்கும் வந்தாள், அதற்குமேல் முடியவில்லை. திரும்பி ஓடி, நூலகத்துக் காம்பவுண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலையில் குடித்த டீயையும் அதற்குமுன் என்ன இருந்ததோ அதையும் வாந்தி எடுத்தாள்.

நாகரத்தினம் ஓடிப்போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாடை வருதாடி?"

பூவாத்தாள் வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"நெசமாவா? எனக்கு ஒண்ணுமே வரலியே," என்றாள் நாகரத்தினம். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஹாலுக்குள் இருந்த நாங்கள் வாசல் வழியாக எட்டிப் பார்த்தோம். பிறகு எங்களில் சிலர் மறுபடி துணிக்குப் பக்கத்தில் போய், அவரவர் முகத்தின்மேல் மூக்கை வைத்து, ஆழமாக இழுத்துப் பார்த்தோம். புதுத் துணி வாசம்தான் வந்தது.